திறந்த அணுகல் ஆய்வுநூல்களும் அவற்றின் பதிப்பு நெறிகளும்

வடலூர் வள்ளலாரைப் பற்றி நியூசிலாந்துப் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுநூலைக் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் 2019-இல் வெளியிட்டது. நவீன இந்து சமயத்தின் தோற்றத்தைக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் மட்டுமே தேடியது போதும், வடலூரிலும் தேட வேண்டும் என்பது அந்நூலின் வாதம். 2021-இல் அதே அச்சகத்திலிருந்து தென்னிந்தியத் திரையின் பின்னணிப் பாடலை ஆராயும் அமண்டா வைட்மனின் நூல் வந்தது. இவ்விரண்டையும் தில்லியில் இருந்துகொண்டே, ஒரு பைசா செலவில்லாமல், யாரும் முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். அயல்நாட்டு ஆய்வுநூலின் விலையைக் கேட்டுவிட்டு, "அடேயப்பா" என்று அலமாரியிலேயே திருப்பி வைத்துப் பழகிய நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்படி வருவனவற்றைத் 'திறந்த அணுகல்' நூல்கள் என்கிறோம். கட்டுரைகளைப் பொறுத்தவரை 2002-இன் புடாபெஸ்ட் அறிக்கையிலிருந்தே இந்த இயக்கத்துக்கு ஒரு தெளிவான வடிவம் உண்டு. நூல்கள் சற்றுப் பின்தங்கியே வந்தன. ஆனால் ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ளும் பதிப்பகங்கள் எல்லாம் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றனவா என்றால், இல்லை. வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, சரி. வீட்டு வாடகையை யார் கொடுக்கிறார் என்று விசாரித்தால்தான் வேறுபாடு புலப்படும்.

இந்த விசாரணையில் நான் இறங்கக் காரணம் ஓர் இளைஞர். இங்கே முனைவர் பட்டம் முடித்தவர், நம் சங்க நூலகத்துக்கு வாராவாரம் வருபவர். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், என் தீசிஸைப் புத்தகமாப் போடணும். எல்லாரும் படிக்கிற மாதிரி ஓப்பனாப் போடறேன்னு ஒரு பப்ளிஷர் சொல்றாங்க. ஆனா நாம கட்ட வேண்டிய தொகையப் பார்த்தா தலை சுத்துது." அவர் காட்டிய மின்னஞ்சலில் பாராட்டு மூன்று பத்தி, கட்டணம் ஒரு வரி. ஆய்வை யார் மதிப்பிடுவார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பதிப்பகத்தை விட்டுத்தள்ளுவோம். பெயர்பெற்ற பதிப்பகங்களும் கட்டணம் கேட்கத்தான் செய்கின்றன. பால்கிரேவ் மாக்மில்லன் 2013-இல் ஒரு முழு ஆய்வுநூலைத் திறந்து வைக்க 11,000 பவுண்டு என்று அறிவித்தது. இன்றைய மதிப்பில் 12 லட்சம் ரூபாய்க்கு மேல். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இதை ஆய்வு நிதியமோ பல்கலைக்கழகமோ கட்டிவிடும், எழுதியவர் சட்டைப்பையில் கைவைக்க வேண்டாம். நம் நாட்டில் ஒரு கல்லூரி விரிவுரையாளருக்கு இதை யார் தருவார்? படிப்பவனிடம் இருந்த தடை எழுதுபவனிடம் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான். தொகை கொள்ளை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் 20 பல்கலைக்கழக அச்சகங்கள் வெளியிட்ட 382 நூல்களை இத்தாக்கா என்ற ஆய்வமைப்பு கணக்கெடுத்து 2016-இல் அறிக்கை தந்தது. மிகக் குறைந்த செலவே ஒரு நூலுக்கு 15,140 டாலர். மிக அதிகம் 1,29,909 டாலர். எழுத்தாளரைத் தேடிப் பிடிப்பதிலும், கையெழுத்துப் படியைச் சீர்செய்வதிலும் ஆள் உழைப்பு நிறைய இருக்கிறது.

கலிபோர்னியா அச்சகத்தின் 'லூமினோஸ்' திட்டம் 2015-இல் தொடங்கியது. செலவை அச்சகமும், நூலகங்களும், ஆசிரியரின் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்கின்றன. வசதியில்லாதவருக்குச் சலுகை நிதியும் உண்டு. லண்டனில் யு.சி.எல். பிரஸ், அதே 2015-இல், பிரிட்டனின் முதல் முழுத் திறந்த அணுகல் பல்கலைக்கழக அச்சகமாக எழுந்தது. அங்கே பல்கலைக்கழகமே செலவைத் தாங்குகிறது. சொந்த ஆசிரியர்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த வழிக்கு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் 2003-லேயே முன்னோடி. பல்கலைக்கழகம் தன் அறிவைத் தானே விநியோகிக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கைதான் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. நம் பல்கலைக்கழகங்களின் பதிப்புத்துறைக் கிடங்குகளில் கட்டுக்கட்டாய்த் தூங்கும் நூல்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேம்பிரிட்ஜில் 2008-இல் கல்வியாளர்களே தொடங்கிய ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ் வேறு பாதையில் போனது. ஆசிரியரிடம் கட்டாயக் கட்டணம் கிடையாது. இணையப் படி இலவசம், அச்சுப் படி விலைக்கு. மீதிக்கு நூலகங்களின் உறுப்பினர் சந்தாவும் நன்கொடைகளும். வட இந்திய இசை, இலக்கிய நிகழ்த்து மரபுகளைப் பற்றி பிரான்செஸ்கா ஒர்சினியும் கேத்தரின் ஸ்கோஃபீல்டும் தொகுத்த பெரிய நூலை இவர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

பெர்லினில் 2014-இல் தொடங்கிய லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் இன்னும் துணிச்சலானது. ஸ்டெஃபான் முல்லர், மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் என்ற இரு மொழியியலாளர்கள் தொடக்கியது. எழுதுபவருக்கும் கட்டணமில்லை, படிப்பவருக்கும் கட்டணமில்லை. மெய்ப்புப் பார்ப்பது உலகெங்கும் உள்ள மொழியியல் தன்னார்வலர்கள்; அவர்கள் பெயர் நூலிலேயே அச்சாகிறது. இப்படியொரு பதிப்பகம் நடத்த என்ன செலவாகும் என்பதையும் மறைக்காமல் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்று. அங்கே பக்க அமைப்பு லாடெக் என்ற மென்பொருளில் நடக்கிறது, அதில் பெரும்பங்கு ஆசிரியர் தலையில் விழுகிறது. மொழியியலாளருக்கு அது கைவந்த கலை. கல்வெட்டோ நாட்டார் வழக்காறோ ஆராயும் நம் பேராசிரியரிடம் சொன்னால், "இதுக்குக் காசே குடுத்துடறேன்ப்பா" என்பார். கட்டணம் இல்லாத இடத்தில் உழைப்பே கட்டணம்.

நூலகங்கள் கூட்டாகச் சேர்ந்து பணம் போட்டால் என்ன என்ற எண்ணத்தில் பிரான்சிஸ் பின்டர் 2012-இல் நிறுவியது நாலெட்ஜ் அன்லாட்ச்டு. முதல் முயற்சியில் 13 பதிப்பகங்களின் 28 நூல்களை, 24 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 300 நூலகங்கள் சேர்ந்து திறந்துவிட்டன. நம்ம ஊர்ச் சீட்டுப் போல அழகான ஏற்பாடு. ஆனால் 2021 டிசம்பரில் அதை வைலி என்ற வணிகப் பெருநிறுவனம் வாங்கிக்கொண்டது. பொதுநலம் என்று பணம் போட்ட நூலகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இந்த மாதிரி கைமாற்றத்துக்கு இடம்கொடாமல், சிறு பதிப்பகங்கள் தமக்குள் கைகோத்து 2018-இல் ஸ்காலர்லெட் என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. ஓப்பன் புக் பப்ளிஷர்ஸும் அதில் உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் வழி தனி. 2013-இல் வந்த ஓப்பன்எடிஷன் புக்ஸ் தளத்தில் பல நூல்களைத் திரையில் இலவசமாகப் படிக்கலாம், பி.டி.எஃப். வேண்டுமென்றால் சந்தா கட்டிய நூலகம் வழியாகவோ விலைக்கோதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடுகள் அங்கே இருப்பதால் நமக்கு இது தூரத்து விஷயமல்ல. இது அரைக்கதவு திறப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டு வரும் சிற்றூர் மாணவருக்கு, இறக்கி வைத்துக்கொள்ள முடியாத புத்தகம் பாதிப் புத்தகம்தான்; அந்த அளவில் குறை நியாயமே.

இந்தியாவின் நிலை விசித்திரம். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது, காந்திநகரில் இன்ஃபிலிப்நெட் நடத்துகிறது, யாரும் படிக்கலாம். ஆய்விதழ்களைப் படிக்க 2024 நவம்பரில் ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நடுவில் நிற்கும் ஆய்வுநூலை யாரும் கண்டுகொள்ளவில்லை. தமிழில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பில் பழைய இலக்கியங்களைத் திறந்து வைத்தது. அதற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் இன்று எழுதப்படும் புதிய ஆய்வைத் தக்க மதிப்பீட்டோடு தமிழில் திறந்து வெளியிடும் ஏற்பாடு வேறு வேலை.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இதுதான்: "முதல்ல டி.ஓ.ஏ.பி.-ல இருக்காங்களான்னு பாருங்க தம்பி." திறந்த அணுகல் நூல்களுக்கான பொது அடைவு அது, 2012-இல் தொடங்கியது. ஆய்வு மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று சொல்லாத பதிப்பகத்துக்கு அதில் இடமில்லை. பார்த்தார். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் அங்கே இல்லை.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. இந்த மலருக்காக ஒரு திறந்த நூலின் அத்தியாயத்தைத் தமிழில் தர ஆசைப்பட்டேன். இலவச நூல்தானே என்று பாதி மொழிபெயர்த்தும் விட்டேன். பிறகுதான் உரிமப் பக்கத்தைப் பார்த்தேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பல படிகள் உண்டு. பெயர் சொன்னால் போதும், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம் என்பது ஒரு படி. லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் நூல்கள் அப்படி. வணிகம் கூடாது, வழிநூலும் கூடாது என்பது இன்னொரு படி. என் கையில் இருந்தது இந்த இரண்டாவது. படிக்கலாம், பகிரலாம், தமிழாக்கி வெளியிட அனுமதி வேண்டும். பிறமொழி நல்லறிஞர் எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற நாம் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான் போலிருக்கிறது. நூலாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். பதில் சாதகமாக வந்தால் மீதி அத்தியாயத்தையும் முடித்து அடுத்த மலருக்குத் தருகிறேன்.