நன்னூல் சொல்லாமல் விட்ட தோழமை

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் மேல்சித்தாமூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில்தான் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்துள்ளது. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்ற பழங்கோயிலும் பார்சுவநாதர் ஆலயமும் அங்கே உள்ளன. தமிழ் இலக்கணம் கற்ற எவரும் அச்சமூகத்தாருக்குக் கடன்பட்டவரே ஆவர். சமண முனிவராகிய பவணந்தியார், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தை ஒட்டி இயற்றிய நன்னூல் இன்றளவும் நம் கையைவிட்டு அகலவில்லை. நம் இல்லங்களிலிருந்து தமிழாசிரியராகச் செல்லும் ஆண்களும் பெண்களும் அந்நூலைக் கற்றே செல்கின்றனர்.

அந்நூலின் முகப்பாகிய பொதுப்பாயிரம் ஆசிரியரைப் பற்றியும் மாணாக்கரைப் பற்றியும் விரித்துப் பேசுகிறது. பள்ளி விழாக்களில் ஆசிரியர்களைப் புகழ வருவோர் பெரும்பாலும் அதிலிருந்து நான்கு உவமைகளையே எடுத்துக்கொள்கின்றனர். நிலத்தைப் போன்ற பொறுமை, மலையைப் போன்ற அசையாமை, துலாக்கோலைப் போன்ற நடுவுநிலைமை, மலரைப் போன்ற மென்மை என்று அடுக்குகின்றனர். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் அதே பாயிரத்தில் அவற்றினும் அருமையான ஒரு கணக்கு இருக்கிறது. அதனை எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

அக்கணக்கு இதுதான். ஆசிரியர் சொல்வதை ஒரு மாணாக்கன் முழுவதும் உள்ளத்தில் வாங்கிக்கொண்டாலும், அவன் பெற்ற புலமை கால் பங்கே ஆகும். உடன் பயில்வோரோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால் பங்கு கைகூடும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்விதாக எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும்.

வடமொழியிலும் இதனோடு ஒத்த முதுமொழி ஒன்று வழங்குகிறது. ஆசிரியரிடமிருந்து கால், தன் அறிவால் கால், உடன்மாணாக்கரால் கால், காலம் செல்லச் செல்லக் கால் என்று அது பகுக்கும். இரண்டையும் ஒப்புநோக்கினால் நன்னூலின் தனிச்சிறப்பு விளங்கும். வடமொழி முதுமொழி தன்னறிவுக்கும் காலத்துக்கும் அளித்த அரைப்பங்கைத் தமிழ்நூல் கற்பித்தலுக்கு அளித்துவிட்டது. ஆண்டுகள் கழிவதால் மட்டும் ஒருவர் அறிஞராகிவிடுவதில்லை. பிறருக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான் தம் அறிவில் உள்ள ஓட்டைகள் தமக்கே புலப்படுகின்றன. முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்த எந்த ஆசிரியரும் இவ்வுண்மையை மறுக்கமாட்டார்.

உடன்பயில்வோருக்கு உரிய கால் பங்கும் எளியதன்று. கற்ற பெருமையுடையோரோடு பழகுதல், அவர்களை வினாவுதல், அவர்கள் வினாவியவற்றுக்கு விடையளித்தல் ஆகியவற்றைப் பவணந்தியார் கல்வியின் கடமைகளாகவே வைக்கிறார். கூடியிருந்து பேசிக் கலைவது அவர் கருத்தாகாது. வினாவும் விடையும் இருபுறமும் சென்று வருவதே அவர் கருதிய பயிற்சி. நம் மார்க்க அறிஞர்களிடையேயும் இதற்கு ஒப்பான முறை உண்டு. ஹதீஸ் கலையில் வல்லோர் தாம் மனனமிட்டவற்றை ஒருவருக்கொருவர் ஓதிக்காட்டிச் சரிபார்த்துக்கொள்வதை முதாகரா என்று வழங்கினர். தம் நினைவைத் தாமே நம்பிவிடாமல் தோழரின் செவியில் சோதித்துக்கொண்ட பண்பு அது.

இவ்வளவு நுட்பமாகக் கண்ட நூலில் ஒரு குறையும் உண்டு என்பது நம் கருத்து. மாணாக்கனுக்குத் தோழரை வகுத்தளித்த நன்னூல், அவன் ஆசிரியனாக உயர்ந்தவுடன் அத்தோழமையைப் பற்றிப் பேசாது நின்றுவிடுகிறது. நல்லாசிரியருக்குச் சொன்ன நான்கு உவமைகளையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். நான்கும் தனித்து நிற்பவை. ஆசிரியராகத் தகாதோருக்குச் சொன்ன கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகிய உவமைகளும் ஒருவர் தம் மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையில் உள்ள குற்றங்களையே சுட்டுகின்றன. தம்மை ஒத்த ஆசிரியரோடு அவர் எவ்வாறு பழக வேண்டும் என்பதற்கு அங்கே விதி இல்லை.

கற்றோர் ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் இடமொன்று பாயிரத்தில் வரத்தான் செய்கிறது. தற்புகழ்ச்சி எப்போது குற்றமாகாது என்று கூறும் பகுதி அது. அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், எதிராளி தன்னைப் பழித்த காலத்தும் ஒருவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்கிறது நூல். மாணாக்கப் பருவத்தில் தோழராக நின்றவர் அவையில் எதிராளியாகிவிடுகிறார். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடத் தக்கவருள் உடன் கற்றவரையும் பவணந்தியார் சேர்த்திருக்கிறார் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்த உறவும் இளமையில் ஒன்றாய்ப் பயின்றதன் தொடர்ச்சியே. கற்பிக்கும் காலத்தில் புதிதாய்த் தேடிக்கொள்ளும் துணைக்கு நூலில் இடமில்லை.

நூல் விட்ட இடத்தைத் தமிழ்ப் புலமை மரபு நிரப்பியது. நன்னூலுக்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். பின்னர் உரை வகுத்த சங்கர நமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவரும் சைவரே. ஒருவர் விட்டதை மற்றவர் சேர்த்தார்; ஒருவர் பிழைத்ததை மற்றவர் திருத்தினார். காலத்தால் பிரிந்திருந்தும் அவர்கள் ஒரே நூலின்முன் அமர்ந்த உடனாசிரியர்களே ஆவர்.

அண்மைக் காலத்துச் சான்று இதனினும் தெளிவானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அப்பணியிலிருந்து விலகிய தியாகராச செட்டியாரே அவரை அவ்விடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூத்த ஆசிரியர் ஒருவர் தம் இடத்தை இளைய தோழருக்கு உவந்து அளித்த நிகழ்ச்சி அது. அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஐயரை வினவினார். பலநூல் கற்ற ஐயருக்கு அந்நூல் அதுவரை பாடமாகவில்லை. கல்லூரி ஆசிரியர் என்னும் நிலை அவரைத் தடுக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் சமண சமயச் செய்திகளை ஒரு மாணாக்கரைப் போலக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. மயிலைநாதர் உரையோடு நன்னூலை 1918இல் வெளியிட்டவரும் அவரே. மகாவித்துவானின் மாணாக்கர் வரிசையில் நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். சமயத்தால் வேறுபட்டோர் கல்வியால் உடன்பிறந்தாராக இருந்த காலம் அது.

இதனை இன்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, தகுதித் தேர்வு எழுதாமல் முன்னரே பணியில் சேர்ந்து, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் அத்தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று கூறியது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய வினாவை அது பெரிய அமர்வின் ஆய்வுக்கு விடுத்தது. இருபதாண்டு கற்பித்த ஓர் ஆசிரியை, இரவில் அடுக்களை வேலை முடித்தபின் தனியே புத்தகத்தைத் திறக்கும் காட்சி பல இல்லங்களில் தோன்றியது. தேர்வை ஒருவர் தனியேதான் எழுத வேண்டும். அதற்கான கல்வியையும் அவர் தனியே சுமக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

பயிற்சி வகுப்பு என்று கூட்டப்பெறும் இடங்களில் ஒருவர் மேடையில் பேச, மற்றோர் குறிப்பெழுதிக்கொண்டு எழுந்து செல்வதையே பெரிதும் கண்டிருக்கிறோம். நன்னூல் கணக்கின்படி அது முதற் கால் பங்கு மட்டுமே. இரண்டே ஆசிரியர் உள்ள சிற்றூர்ப் பள்ளியில் வினாவவும் விடைபெறவும் ஆளின்றி ஒருவர் தவிக்கிறார் என்றால், அவர் இரண்டாம் கால் பங்கை இழந்து நிற்கிறார். அடுத்தடுத்த ஊர்களின் ஆசிரியர் நால்வர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, தத்தம் வகுப்பில் விளங்காமற்போன பாடத்தை வெட்கமின்றி எடுத்துவைத்தால் அவ்விழப்பு நீங்கும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஆசிரியையாகிய மகளையும் மருமகளையும் அந்த ஒரு பிற்பகல் வீட்டு வேலையிலிருந்து விடுவிக்கும் மனம் நம் குடும்பங்களுக்கு இருந்தால் போதும்.

மேல்சித்தாமூர் மடத்தின் சமயம் வேறு, நம் சமயம் வேறு. ஆயினும் அச்சமயத்து முனிவர் ஒருவர் வகுத்த கணக்கு நம் வீட்டு ஆசிரியருக்கும் பொருந்துகிறது. அவர் சொல்லாமல் விட்டதைச் செய்து காட்டுவதே அந்நூலுக்கு நாம் எழுதக்கூடிய நல்லுரை ஆகும்.