தேரோட்டியின் முகமூடி

வீரன் ஒருவன், அவனுக்குப் பணியாள் ஒருவன், இருவர் கண்களையும் சூழ்ந்து முகமூடி. 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'கிரீன் ஹார்னெட்' என்னும் தொடர், 1967 மார்ச்சுத் திங்களோடு புதுக்கதையின்றி நின்றுபோயிற்று. 'பச்சைக் குளவி' என்பது பெயரின் பொருள். மொத்தம் 26 பகுதிகள். பகுதிக்கு அரைமணி, அதிலும் விளம்பரம் உண்டது போக எஞ்சியதே கதைக்கு. இத்துணைக் குறுகிய ஆயுள் கொண்ட ஒன்றை இலக்கியத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று கேட்கும் அன்பர்கள் இருப்பர். தகும் என்றே நாம் கருதுகிறோம். காப்பியத் தலைவன் யார் என்பதை முடிவு செய்பவன் ஆக்கியோனா, காண்போரா என்னும் பழைய வழக்கு இத்தொடரில் புதிதாக எழுந்தது.

இக்கதை தொலைக்காட்சிக்கென்று பிறந்ததன்று. 1936-இல் டெட்ராய்ட் நகரத்து வானொலியில் ஜார்ஜ் டிரெண்டில், ஃபிரான் ஸ்டிரைக்கர் என்னும் இருவரால் உருப்பெற்றது. முகமூடி அணிந்த குதிரைவீரன் 'லோன் ரேஞ்சர்' கதையை வானொலிக்கு வழங்கியவர்களும் இவர்களே. அந்தக் குதிரைவீரனின் உடன்பிறந்தான் வழிப் பேரனாகவே இக்கதையின் தலைவன் பிரிட் ரீடை அமைத்தனர். பாட்டனுக்குக் குதிரை; பேரனுக்குக் கருநிற மோட்டார் வண்டி. பாட்டனுக்குச் செவ்விந்தியத் துணைவன். பேரனுக்குக் கேட்டோ என்னும் ஆசிய வண்டியோட்டி. குடிவழியோடு துணைவனின் இடமும் மரபாக இறங்கி வந்திருப்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

பிரிட் ரீட் 'டெய்லி சென்டினல்' என்னும் நாளிதழின் உரிமையாளன். இரவில் முகமூடி அணிந்து பச்சைக் குளவியாகிறான். ஊரும் காவல்துறையும் அவனைக் கொடுங்குற்றவாளி என்றே நம்புகின்றன. அந்த நம்பிக்கையை அவன் மறுப்பதில்லை, வளர்க்கிறான். கொள்ளைக் கூட்டத்திடம் சென்று பங்கு கேட்கும் போட்டிக் கொள்ளையனாக நடித்தே அவர்களைச் சிக்க வைக்கிறான். உண்மை அறிந்தோர் கேட்டோவும், செயலாளர் கேஸியும், அரசு வழக்கறிஞர் ஸ்கேன்லனும் ஆக மூவரே. அவனுடைய நாளிதழின் குற்றச்செய்தியாளர் ஆக்ஸ்ஃபோர்டோ குளவியைப் பிடித்துத் தந்தே தீர்வதென்று அலைகிறார். பகலில் தன் அச்சகத்தில் தன்னையே இகழ்ந்து அச்சிட்டு, இரவில் அந்த இகழ்ச்சியையே கவசமாகப் பூண்டு செல்லும் ஒருவன்! நம் அணியிலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்பர்; இங்கே ஒருவனது வாழ்வு முழுவதும் அவ்வணியாகவே நடக்கிறது. முகமூடி வீரர் கதைகள் எத்தனையோ உள. நற்பெயரையே விலையாகக் கொடுக்கும் வீரன் அவற்றில் அரியன். (ஆக்ஸ்ஃபோர்டாக நடித்த லாய்ட் காஃப், 1950-களில் அரசியல் ஐயத்தால் திரையுலகக் கருப்புப் பட்டியலில் இடம்பெற்று வாய்ப்பிழந்தவர். பழி சுமப்பது எத்தகையது என்று அந்தக் குழுவில் அவரைவிட அறிந்தவர் இரார்.)

இத்துணை நல்ல கருவைத் தொடர் பயன்படுத்திக் கொண்டதா எனின், பாதி என்பதே நம் விடை. தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் அதே ஆண்டு சனவரியில் 'பேட்மேன்' தொடரைத் தொடங்கிப் பெரும்புகழ் கண்டவர். அது வேண்டுமென்றே செய்த கேலிக்கூத்து. 120 பகுதிகள் ஓடிற்று. கிரீன் ஹார்னெட்டை அவர் சிரிப்பின்றி, இருள் சூழ்ந்த துப்பறியும் கதையாகவே நடத்தினார். கேலியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சுவைக்கவில்லை. முறையான குற்றக்கதை விரும்பியவர்களுக்கோ அரைமணி போதவில்லை. புறத்தோற்றத்தில் குறையில்லை. நிலவறையில் தளம் புரண்டு 'பிளாக் பியூட்டி' மேலே வருவதும், பச்சை விளக்குகள் எரிவதும், முத்தமிடும் இணையர் தீட்டிய விளம்பரப் பலகை நடுவே பிளந்து வழிவிடுவதும் இன்றும் கண்ணுக்கு விருந்து. ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டுப் பறத்தல் இசையை அல் ஹர்ட் எக்காளத்தில் ஊதும்போது நெஞ்சு துள்ளாதவர் யார்? ஆனால் தலைவனின் அகத்துக்குள் தொடர் புகவேயில்லை. தன்னை ஊர் வெறுப்பதைப் பற்றி அவன் ஒருநாளேனும் வருந்தினானா? வான் வில்லியம்ஸ் நேர்மையான நடிகர். எழுத்தாளர்கள் அவர் கையில் வாயு உமிழும் துப்பாக்கியைக் கொடுத்தார்களே ஒழிய ஒரு மனக்கலக்கத்தைக் கொடுக்கவில்லை.

வெற்றிடம் அங்கே விழுந்தது. அதை நிரப்பியவர் கேட்டோவாக நடித்த புரூஸ் லீ.

1964-இல் கலிபோர்னியா லாங் பீச்சில் நடந்த கராத்தே விழாவில் தம் கலையைக் காட்டியதன் வழியே தொலைக்காட்சியாரின் கண்ணில் பட்டவர் அவர். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த சீனர். ஏற்ற பாத்திரத்தின் பெயரோ ஜப்பானியப் பெயர். வானொலியில் ஜப்பானியனாக அறிமுகமான கேட்டோ, போர் மூண்ட காலத்தில் பிலிப்பினோவாக மாற்றப்பட்டவன். மூன்று நாட்டவரும் ஒருவரே என எழுதியவர்களுக்குத் தோன்றிற்றுப் போலும்! வெளியூரில் வாழும் நம் அனைவரையும் ஒரே ஊர்க்காரராக எண்ணி ஒரே பெயரால் அழைப்பாரை நாம் கண்டதில்லையா?

கேட்டோவுக்குப் பேச்சு மிகக் குறைவு. கதவைத் திறப்பான், வண்டியை ஓட்டுவான், 'ஆம்' என்பான். எப்போதாவது சில வசனங்களேனும் வேண்டுமென்று புரூஸ் லீ தயாரிப்பாளரிடம் கேட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் சண்டை தொடங்கிய கணமே காட்சியின் உரிமை கைமாறும். தலைவன் அமெரிக்கத் திரைவழக்கப்படி குத்துவிடுகிறான். கேட்டோவின் காலோ எழுந்ததும் மீண்டதும் கண்ணுக்கு எட்டுவதில்லை. படக்கருவி பற்றுமாறு வேகத்தைத் தணித்துக்கொள்ளும்படி அவரை வேண்டினர் என்பர்.

பாரதத்தில் விராடன் அவைக் காட்சியை இங்கே நினைக்கிறோம். ஆநிரை மீட்கச் சென்றவன் உத்தரன் என்று ஊர் அறியும். தேரில் பிருகன்னளையாய் ஏறியவன் விசயன் என்று அறியாது. வெற்றிச் செய்தி வந்ததும் விராடன் மைந்தனைப் புகழ்கிறான். தேரோட்டியின் துணை இருக்க வெற்றிக்கு என்ன குறை என்ற கங்கன் மீது சூதுகாயை எறிகிறான். தேரோட்டியே வீரன் என்னும் உண்மை அவைக்கு அத்துணைக் கசக்கிறது. வியாசர் அவ்வுண்மையை அறிந்தே கதை அமைத்தார். டோசியர் குழுவினரோ அறியாமலே அமைத்துவிட்டு, அறிந்தபின்னும் விராடனைப் போலவே நடந்துகொண்டனர்.

ஒரு பகுதி மட்டும் விலக்கு. சீனர் வாழும் பகுதியில் உணவகத்தாரை மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிய 'பிரேயிங் மேன்டிஸ்' என்னும் கதையில், மாக்கோ ஏற்ற பாத்திரத்தோடு கேட்டோ மோதுகிறான். அங்கே அவன் வண்டியோட்டி அல்லன். தன் கலையின் மானத்துக்காக நிற்கும் ஆடவன். 26-இல் ஒன்றையே நாம் பார்க்கச் சொல்வதானால் இதனைச் சொல்வோம். வேற்றுலகத்தார் வேடமிட்டு வரும் கடைசி இருபகுதிக் கதையைத் தவிர்த்தாலும் இழப்பில்லை.

1967 மார்ச்சில் இவ்விருவரும் பேட்மேன் தொடருக்கு விருந்தாகச் சென்றபோது, கேட்டோவும் ராபினும் மோதி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ராபினிடம் தோற்பதாக நடிக்கப் புரூஸ் லீ இசையவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வசனம் தராதவர்களிடம் அவர் காத்துக்கொண்டது அந்தச் சமன் ஒன்றைத்தான். தொடர் ஹாங்காங் சென்றபோது அங்குள்ளோர் அதனைக் 'கேட்டோ நிகழ்ச்சி' என்றே வழங்கினர். 1973 சூலை 20-இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டே பழைய பகுதிகளை ஒட்டித் திரைப்படமாக்கி, அவர் பெயரை முன்னிறுத்தி விற்றனர். படத்தினுள் கேட்டோ அப்போதும் கதவைத் திறந்து, வண்டியை ஓட்டி, முன்பு பேசிய அதே சில சொற்களையே பேசினான்.