ராமானுஜனின் பைஜாமா: ஒரு சினிமா தவறவிட்ட மாணவ வாழ்க்கை

‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015) படத்தில் எனக்குப் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே போய்ப் படமாக்கியிருக்கிறார்கள். ஹார்டியாக வரும் ஜெரமி அயர்ன்ஸ் அருமை. கென் ஓனோ, மஞ்சுள் பார்கவா மாதிரி கணித வல்லுநர்கள் கூட இருந்ததால் கணிதத்திலும் பெரிய அபத்தம் கிடையாது. என் குறை வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் மாணவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது, அது அவரை எப்படிக் கரைத்தது என்பதைப் படம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

மேதை என்ற பட்டம் கொடுத்துவிட்டதால் அவர் ஒரு மாணவர் என்பதே நமக்கு மறந்துபோகிறது. 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கியபோது அவருக்கு வயது 26. சென்னைப் பல்கலைக்கழக உதவித்தொகை வருஷத்துக்கு 250 பவுண்ட். அதில் 50 பவுண்ட் குடும்பத்துக்கு. டிரினிட்டி தன் பங்குக்கு 60 கொடுத்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் வாங்கினார். அதாவது இன்றைக்கு ஸ்காலர்ஷிப்பில் போகிற பையனின் அதே நிலைமைதான். பணக் கஷ்டம்கூட இல்லை.

அப்படியானால் என்ன கஷ்டம்? அவமானம்தான் என்கிறது படம். ஹோவர்ட் என்ற பேராசிரியர் வகுப்பில் அவரை மட்டம் தட்டுகிறார், தெருவில் சிப்பாய்கள் அடிக்கிறார்கள். ஹோவர்ட் கற்பனைப் பாத்திரம். உண்மையில் பதிவாகியிருக்கிற வகுப்புக் கதை நேர் எதிரானது. ஆர்தர் பெர்ரி என்ற ஆசிரியர் பாடம் நடத்தும்போது ராமானுஜன் முகம் பிரகாசமாக இருப்பதைப் பார்த்து, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இவர் எழுந்துபோய், ஆசிரியர் இன்னும் நிரூபிக்காத முடிவுகளைக் கரும்பலகையில் எழுதினார். பெர்ரிக்கு வியப்பு, அவ்வளவுதான். அன்றைய இங்கிலாந்தில் இனவெறி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ராமானுஜனை உள்ளே அரித்தது இந்த மாதிரிச் சண்டைகள் இல்லை.

சாப்பாட்டைப் பாருங்கள். கல்லூரி டைனிங் ஹாலில் உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் பொரித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் படத்து ராமானுஜன் பதறுகிறார். காட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் ஹாலுக்குப் போவதையே விட்டுவிட்டு அறையில் தானே சமைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஹால் என்பது வெறும் மெஸ் இல்லை. மாணவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிற இடமே அதுதான். அங்கே போகாதவருக்குச் சாப்பாட்டோடு பேச்சுத்துணையும் போய்விடுகிறது.

போதாக்குறைக்கு ஆகஸ்டில் யுத்தம் வந்தது. காய்கறி கிடைப்பது சிரமம், கப்பல் தபால் தாமதம். கணக்கில் மூழ்கிவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு வேளைதான் சமைத்தார் என்கிறது ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாறு. படத்தின் மூலமே அந்தப் புத்தகம்தான்! வெறும் சோறு, உப்பு, எலுமிச்சைச் சாறு இருந்தால் எவ்வளவு நாளானாலும் ஓட்டிவிடுவேன் என்ற பொருளில் நண்பருக்கு எழுதியிருக்கிறார் ராமானுஜன். வீட்டைச் சமாதானப்படுத்த இன்றைக்கும் நம் பிள்ளைகள் எழுதுவது இதைத்தானே?

ஹார்டி ஒரு குட்டித் தகவல் சொல்கிறார்: ராமானுஜன் பைஜாமாவுக்கு மாறாமல் சமைக்கவே மாட்டாராம். ஹார்டிக்கு இது ஒரு விசித்திரப் பழக்கம், அவ்வளவுதான். கும்பகோணத்து ஐயங்கார் வீட்டை அறிந்தவர்களுக்கு அது ‘மடி’ என்று சட்டென்று தோன்றும். வெளியே போட்ட துணியோடு அடுப்படிக்குப் போகக் கூடாது, அங்கே வேட்டிக்குப் பதில் கிடைத்தது பைஜாமா. இது என் ஊகம்தான். ஆனாலும் தினமும் சந்தித்தவருக்கே அவர் வாழ்க்கை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. என்னென்ன புத்தகம் படித்தாய் என்றுகூடக் கேட்காமல் விட்டேனே என்று ஹார்டியே பின்னாளில் வருந்தியிருக்கிறார். தினமும் புதுப் புதுத் தேற்றங்களோடு வருகிறவரிடம் மற்றதைக் கேட்கத் தோன்றவில்லை.

கிங்ஸ் கல்லூரியில் படித்த மகலனோபிஸ் கண்ணில் ஒன்று பட்டது. குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். கம்பளிகள் கட்டில் மேலேயே இருக்கின்றன, நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகி. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மகலனோபிஸ்தான் சொல்லித் தந்தார். எஸ்.ஆர். ரங்கநாதன் 1967இல் வெளியிட்ட ராமானுஜன் நூலில் இந்த மாதிரி நினைவுகள் இருக்கின்றன.

இன்னொரு சம்பவம், 1916. சட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்து, தானே ரசம் வைத்துப் பரிமாறுகிறார். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது பெண்கள் வேண்டாம் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை! டாக்ஸி பிடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார். அங்கிருந்து ஐந்து பவுண்ட் அனுப்பச் சொல்லித் தந்தி. கேட்டால் சிரிப்பு வரும். தன் கையால் சமைத்துத் தனியாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த ‘வேண்டாம்’ எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வராது. என்னைக் கேட்டால் படத்தின் மையக் காட்சியே இதுவாக இருந்திருக்க வேண்டும்.

முதல் வருஷம் ஊருக்கு மாதம் மூன்று நாலு கடிதம். 1917 வாக்கில் அதுவும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஜானகியின் கடிதங்களை மாமியார் மறைத்ததைப் படம் காட்டுகிறது, சரி. ஆனால் 1914இல் ஜானகிக்குப் பதினைந்து வயதுதான். படமோ வளர்ந்த இருவரின் காதல் கதையாக அதை மாற்றிவிட்டது.

நோயும் இப்படித்தான். காசநோய் என்று படம் முடித்துவிடுகிறது, அன்றைய மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அது கல்லீரலில் தங்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்றார். இங்கேயே இளம் வயதில் வந்த சீதபேதியின் மிச்சம். அது உண்மையானால் அன்றைக்கே சிகிச்சை இருந்தது.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் கடைசி நிமிஷ எரரை மட்டும் பார்த்து முடிவுக்கு வர மாட்டோம். பல வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்த லீக் எது என்று தேடுவோம். படம் கடைசி எரரை மட்டும் பார்க்கிறது. இரண்டு மணி நேர சினிமாவுக்கு வில்லன் தேவைதான், புரிகிறது. ஆனால் வில்லனைக் காட்டிவிட்டால் ‘நல்ல மனிதர்கள் நடுவிலும் ஒருவர் இப்படிக் கரைய முடியும்’ என்ற உண்மை மறைந்துவிடும். ஹார்டி, லிட்டில்வுட், நெவில் எல்லாருமே நல்லவர்கள்தான்.

கடையநல்லூர்ப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் நாலு பேராகச் சேர்ந்து பொங்கித் தின்கிறார்கள். படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்த வசதி எப்போதும் அமைவதில்லை. போனில் ‘சாப்ட்டியா?’ என்று கேட்காத அம்மா கிடையாது. ‘யாரோட சாப்ட்ட?’ என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.