குறிஞ்சிப்பூவும் திரைப்படிமமும்: சங்க இலக்கியக் கற்பித்தலில் இணைய, பல்லூடக வளங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறியீடுகளும் ‘இணையச் செயல்பாடுகள்’ என்னும் பகுதியும் இடம்பெற்றன. கல்லூரித் தமிழ்த்துறைகளிலும் ஒளிவீழ்த்தி, காணொலி, மின்னூலகம் ஆகியன இன்று புதுமையல்ல. இவற்றைப் பயன்படுத்தலாமா என்னும் வினா காலங்கடந்தது. சங்கப் பாடலைப் படிக்கும் திறனை இவை வளர்க்கின்றனவா, அன்றி அத்திறனுக்கு மாற்றாகிவிடுகின்றனவா என்பதே ஆராயத்தக்கது. குறுந்தொகையின் 3, 40 ஆம் பாடல்களையும் புறநானூற்றின் 112 ஆம் பாடலையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை நோக்குகிறது.

தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3 ஆம் பாடலைக் கற்பிக்கும்போது திரையில் முதலில் தோன்றுவது பெரும்பாலும் நீலம் போர்த்த மூணாற்று மலைச்சரிவு. 2018 இல் அங்குக் குறிஞ்சி பூத்தபோது எடுக்கப்பட்ட படங்கள் இணையத்தில் ஏராளம். படம் அழகியது; ஆயின் அது பாடலின் படமன்று. பாடலில் பூவின் நிறம் பேசப்படவே இல்லை. பேசப்படுவது கொம்பின் கருமை. ஒளிப்படமோ பாடல் சொல்லாததைப் பெருக்கிக் காட்டிச் சொன்னதை மறைத்துவிடுகிறது. அப்பூவைக் கொண்டு தேன் இழைக்கப்படும் தொழில் ஒரு நிலைப்படத்துள் அடங்குவதும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்ற தாவரவியல் செய்தியும் படத்துடன் சேர்ந்தே வகுப்பறைக்குள் நுழைகிறது. பாடலில் அச்செய்திக்கு இடமில்லை. எனினும் விடைத்தாளில் அதுவே பாடலின் நயமாகிவிடும் வாய்ப்பு மிகுதி.

இதனினும் பெரிய இழப்பு கூற்று மறைவது. தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி அவனை இயற்பழிக்க, தலைவி இயற்பட மொழிந்தது இப்பாடல். நிலத்தினும் வானினும் நீரினும் மிக்கது எனத் தலைவி அளப்பது வெற்றுக் காதல் அறிவிப்பன்று. பழித்த தோழிக்கு இறுக்கும் மறுமொழி. அம்மறுமொழியை மறைந்து நிற்கும் தலைவனும் கேட்கிறான். கூற்றுக் குறிப்பை நீக்கிப் பாடலடிகளை மட்டும் மலைப்படத்தின்மேல் பொறித்த படவில்லை, இந்த மூவர் நாடகத்தை ஒருத்தியின் பெருமூச்சாகச் சுருக்கிவிடுகிறது. முதல், கரு, உரி என்னும் வரிசையில் பின்னது முன்னதினும் சிறந்தது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் துணிபு. ஒளிப்படம் காட்டவல்லது முதலையும் கருவையுமே. உரிப்பொருளுக்கு ஆசிரியரின் குரலும் மாணவரின் செவியும் வேண்டும்.

ஒலிப்பதிவு இவ்வகையில் ஒளிப்படத்தினும் நம்பத்தக்க துணை. நான்கடிப் பாடலான இதில் பயனிலைகள் முன்வர, நட்பு என்னும் எழுவாய் இறுதிச் சொல்லாகவே வருகிறது. எது பெரிது, எது உயர்ந்தது, எது ஆழமானது என்பதைக் கேட்போர் கடைசி வரை காத்திருந்தே அறிகின்றனர். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் இருமுறை கேட்பித்தால் இவ்வமைப்பு தானே விளங்கும். ‘காதலின் பெருமை’ என்று தலைப்பிட்ட படவில்லையில் அக்காத்திருப்பு தொடங்குமுன்னரே முடிந்துவிடுகிறது.

மின்பாடங்களின் நிலை வேறு. 1998 இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் செய்த பணிக்கு ஈடில்லை. நல்ல நூலகம் அமையாத கல்லூரியின் மாணவருக்கும் குறுந்தொகை முழுவதும் கைக்கு எட்டியது இவற்றால்தான். எனினும் மூலபாடம் மட்டும் தரும் மின்கோப்பில், 1937 இல் உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பில் காட்டிய பாடபேதங்கள் இல்லை. பாடம் ஒன்றே, அதுவும் ஐயத்துக்கு இடமற்றது என்ற எண்ணம் மாணவரிடம் வேரூன்ற இதுவே போதும். ஆய்வு மாணவருக்கு இது சிறு குறையன்று.

தேடுதல் வசதி பற்றியும் இங்குக் கூற வேண்டும். ‘நீர்’ என்று உள்ளிட்டுத் தேடும் மாணவருக்கு இதே பாடலில் உள்ள ‘நீரினும்’ அகப்படாது. புள்ளி பெற்ற ரகரத்தைக் கருவி தேட, பாடலில் இருப்பதோ ரிகரம். மறுபுறம் ‘நீர்மை’ வந்து சேரும்; முன்னிலைப் பன்மையான ‘நீர்’ என்பதும் சேரும். புள்ளியை நீக்கி ‘நீர’ எனத் தேடினால் எளிய தேடுகருவிகள் பலவற்றில் விடுபட்டவை கிடைக்கும், வேண்டாதனவும் பெருகும். சந்தி பிரித்த பாடத்தில் ஓர் எண்ணிக்கையும் பிரிக்காத பாடத்தில் வேறோர் எண்ணிக்கையும் வருவது இயல்பு. இந்நிலையில் தேடுபொறி தந்த எண்ணைச் சொல்லாட்சிப் புள்ளிவிவரமாக ஆய்வேடுகளில் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சொல்லடைவு போன்ற அச்சுக் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். இக்குறையே வகுப்பறையில் நல்ல பயிற்சியாகலாம். வந்த முடிவுகளில் எது பெயர், எது வேற்றுமை ஏற்றது, எது பிறிதொரு சொல் எனப் பிரிக்கச் சொன்னால் புணர்ச்சி இலக்கணம் மனப்பாடப் பகுதியாக இராது.

திரையிசை சங்க இலக்கியத்தைக் கொச்சைப்படுத்தும் என்று அதனை ஒதுக்குவாரும் உளர். அது மிகை. 1997 இல் வந்த ‘இருவர்’ படத்தில் வைரமுத்து எழுதிய ‘நறுமுகையே’ பாடல், குறுந்தொகை 40 இன் தொடர்களையும் புறநானூறு 112 இன் தொடக்கத்தையும் எடுத்தாள்கிறது. முன்னது தலைவன் கூற்றாகிய அகப்பாடல். காதற்பாடலுக்குள் எளிதில் பொருந்துகிறது. பின்னது பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் இழந்து பாடிய கையறுநிலை. அதன் நிலவு திரைப்பாடலில் காதலியை நினைவுகூரும் நிலவாக மாறிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எத்தொடர் எச்சூழலிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று வினவும் ஆசிரியர், திணை, துறை, கூற்று ஆகியவற்றின் தேவையை விளக்கவுரை இன்றியே உணர்த்திவிடலாம். திரைப்பாடலை முன்னரே அறிந்த மாணவர், புறப்பாடலின் இரண்டாம் நிலவில் தந்தை இல்லை என்பதைப் படிக்கும்போது, கேட்டுப் பழகிய அதே தொடக்கத்துக்கு மீண்டும் திரும்பிப் பார்க்க நேரும்.