இறக்காதவரின் மரணம்: பீட்டில்ஸ் புதிரை ரசிப்பது எப்படி?

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1966 நவம்பரில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அவரைப் போலவே முகமுள்ள ஒருவரை மற்ற மூவரும் அவர் இடத்தில் அமர்த்திக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் மனமில்லாமல், இசைத்தட்டு உறைகளிலும் பாடல்களிலும் தடயங்களைத் தூவி வைத்தார்கள். ராக் ரசிகர்கள் கட்டிய சதிக்கதைகளில் மிகப் புகழ்பெற்ற ‘பால் இறந்துவிட்டார்’ கதையின் சுருக்கம் இதுதான். 1942-இல் பிறந்த மெக்கார்ட்னி, எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறிப் பாடியவர். ஆகவே இதில் உண்மை உண்டா என்று ஆராய ஒரு நொடிகூடத் தேவையில்லை. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதிய துப்பறியும் கதையாக இதை எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் இதில் தீனி இருக்கிறது.

கதை ஒரே நாளில் பிறக்கவில்லை. 1967 ஜனவரியிலேயே மெக்கார்ட்னி கார் விபத்தில் இறந்ததாக லண்டனில் ஒரு புரளி கிளம்பி, ரசிகர் மாத இதழ் ஒன்றின் மறுப்போடு அடங்கிவிட்டது. அது மறுபடி முளைத்தது அமெரிக்கக் கல்லூரிகளில். 1969 செப்டம்பர் 17 அன்று அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழக மாணவர் இதழ் அதைக் கட்டுரையாக்கியது. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் பண்பலை வானொலியில் ரஸ் கிப் என்ற தொகுப்பாளரை அழைத்த ஒரு நேயர், ஒரு பீட்டில்ஸ் பதிவைத் தலைகீழாக ஓடவிடச் சொன்னார். இரண்டே நாளில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் இதழில் ஃப்ரெட் லபோர் என்ற மாணவரின் கட்டுரை வந்தது. ‘ஆபி ரோடு’ இசைத்தட்டுக்கு மதிப்புரை எழுத வேண்டியவர், அதற்குப் பதிலாக ஒரு மரண அறிக்கை எழுதிக் கொடுத்தார். பல தடயங்கள் அவருடைய சொந்தச் சரக்கு. மாற்று ஆளுக்கு வில்லியம் கேம்பல் என்று பெயர் சூட்டியது அவர்தான். பீட்டில்ஸ் பாடலில் வரும் ‘வால்ரஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பிணம் என்று அவர் அடித்துவிட்டதை, கிரேக்க அகராதியைப் புரட்டிப் பார்க்காமலே ஊர் முழுக்க நம்பியது.

ரசிக்கத் தொடங்க ஏற்ற இடம் ‘ஆபி ரோடு’ உறை. கைபேசித் திரையில் இது எடுபடாது, பழைய எல்.பி. உறையின் முழு அளவில் பார்க்க வேண்டும். 1969 ஆகஸ்ட் 8 முற்பகலில், போலீஸ்காரர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்தி வைக்க, இயன் மக்மில்லன் என்ற புகைப்படக்காரர் நடுச்சாலையில் ஏணி மேல் நின்று எடுத்த ஆறு படங்களில் ஒன்று அது. பீட்டில்ஸ் நால்வரும் சாலையைக் கடக்கிறார்கள், அவ்வளவுதான். கதைக்காரர்கள் கண்ணுக்கு அது சவ ஊர்வலம். வெள்ளுடையில் முன்னே போகும் லெனன் மதகுரு. கறுப்பு உடை ரிங்கோ ஈமக்காரியம் பார்ப்பவர். டெனிம் அணிந்த ஹாரிசன் குழிவெட்டி. காலில் செருப்பில்லாமல், கண்ணை மூடினாற்போல், மற்றவர்களோடு அடி ஒட்டாமல் நடக்கும் மெக்கார்ட்னி பிணம். இடதுகைக்காரரான அவருடைய சிகரெட் வலது கையில் இருக்கிறது. இடப்பக்கம் நிற்கும் வெள்ளை ஃபோக்ஸ்வேகன் காரின் எண்பலகை 281, எஃப் என்று முடிகிறது. கடைசி 1-ஐ ஆங்கில ‘ஐ’ எழுத்தாகக் கொண்டு 28 ‘இஃப்’ என்று படித்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் 28 வயது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.

இங்கே ஒரு சிக்கல். இசைத்தட்டு வெளியான 1969 செப்டம்பரில் மெக்கார்ட்னிக்கு வயது 27. கதைக்காரர்கள் அசரவில்லை. இந்தியர்கள் கருவில் இருக்கும் காலத்தையும் சேர்த்து வயதைக் கணக்கிடுவார்கள், பீட்டில்ஸ் ரிஷிகேஷ் போய் வந்தவர்கள் அல்லவா என்று ஒட்டுப்போட்டார்கள். இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். 27 முடிந்தவருக்கு ‘நடப்பு 28’ என்று எந்தத் தமிழ்ப் பாட்டியும் சொல்லியிருப்பார். இப்படிப்பட்ட ஒட்டுப்போடும் இடங்களில்தான் கதையின் முழு ருசியும் இருக்கிறது. பொருந்தாத ஒன்றைப் பொருத்துவதற்கு மனம் எத்தனை குட்டிக்கரணம் போடுகிறது என்பதை அங்கே நேரில் காணலாம். எண்பலகையின் முதல் மூன்று எழுத்துகளுக்கு ‘லிண்டா மெக்கார்ட்னி அழுகிறாள்’ என்று விரிவு கண்டதும் அதே வகை. லிண்டா, மெக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்தது 1967 மே மாதத்தில், மணந்தது 1969 மார்ச்சில். 1966-இல் செத்தவரை நினைத்து அவர் அழக் காரணமே இல்லை.

ஒவ்வொரு தடயத்துக்கும் பின்னால் இருக்கும் சாதாரணக் காரணத்தைத் தேடிப் போவது ரசனையின் அடுத்த படி. வெயில் நாள் என்பதால் மெக்கார்ட்னி செருப்பைக் கழற்றிப் போட்டார்; அன்று எடுத்த ஆறு படங்களில் சிலவற்றில் செருப்போடுதான் இருக்கிறார். ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டு உறையின் உள்படத்தில் அவர் தோளில் இருக்கும் பட்டையை ‘இறந்ததாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டவர்’ என்பதன் சுருக்கமாகப் படித்தார்கள். அது கனடாவின் ஒண்டாரியோ மாகாணக் காவல்துறையின் சின்னம், கடைசி எழுத்து துணிமடிப்பில் மறைந்து வேறொன்றாகத் தெரிந்தது. ‘மேஜிகல் மிஸ்டரி டூர்’ படத்தில் மற்ற மூவரும் சிவப்புப் பூ செருகியிருக்க இவர் மட்டும் கறுப்புப் பூ வைத்திருந்தது, சிவப்புப் பூ தீர்ந்துபோனதால் என்று அவரே சொல்லிவிட்டார். ‘சார்ஜண்ட் பெப்பர்’ முன்னட்டையின் மலர்ப்படுகை கல்லறை போலத் தோன்றுவது என்னவோ உண்மை. அதைப் பார்க்கும் எவருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

கண்ணுக்குரியவை இவை என்றால், காதுக்குரியவை இன்னும் நுட்பமானவை. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் இறுதியில் லெனன் முணுமுணுப்பதைப் பாலைப் புதைத்துவிட்டதாக அவர் தரும் வாக்குமூலமாகக் கேட்டார்கள். ஒரு பழச் சாஸின் பெயரைத்தான் சொன்னதாக லெனன் விளக்கினார். டெட்ராய்ட் நேயர் தலைகீழாக ஓடவிடச் சொன்ன பதிவு ‘ரெவல்யூஷன் 9’. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்த ஒலிக்கலவையில் ஒரு குரல் ‘ஒன்பதாம் எண்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் செத்த மனிதனைப் பற்றிய ஒரு வாசகம் கேட்கிறது என்றார்கள். கேட்கச் சொன்னது முழுக் கிறுக்குத்தனமும் இல்லை. 1966-இல் வந்த ‘ரெயின்’ பாடலின் கடைசியில் பீட்டில்ஸ் உண்மையிலேயே குரலைத் தலைகீழாக்கிச் சேர்த்திருந்தார்கள். ஒலிநாடாவோடு விளையாடுகிறவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது.

அந்த வாசகம் என்ன என்பதை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும் தலைகீழ்ப் பேச்சைப் பற்றிய சோதனைகளை 1985-இல் வெளியிட்டார்கள். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் கேட்பவர்களால் சொல்ல முடிந்தது. பொருள் மட்டும் பிடிபடவில்லை. இன்ன சொற்கள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதே ஒலியில் அந்தச் சொற்கள் ‘தெளிவாக’க் கேட்டன. எனவே முதல் தடவை எதுவும் தெரியாமல் கேட்க வேண்டும், பிறகு வாசகத்தைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். இரண்டாம் தடவை அது காதில் விழுந்தே தீரும். அதற்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

வதந்தி வேர்பிடிக்க மண் ஏற்கெனவே பதமாகத்தான் இருந்தது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு பீட்டில்ஸ் மேடையிலிருந்தே விலகினார்கள். அதன் பிறகு ரசிகர்கள் கையில் உறைகளும் ஒலியும் மட்டுமே மிஞ்சின. 1965 டிசம்பரில் மொபெட்டிலிருந்து விழுந்த மெக்கார்ட்னிக்குப் பல் உடைந்து உதடு கிழிந்தது. அந்தத் தழும்பை மறைக்கவே மீசை வளர்த்தார். அந்த மொபெட் பயணத்தில் உடனிருந்த நண்பர் தாரா பிரவுன், ஓராண்டு கழித்து, 1966 டிசம்பர் 18 அன்று லண்டனில் கார் விபத்தில் உண்மையாகவே இறந்தார். ‘எ டே இன் த லைஃப்’ பாடலில் வரும் சாலை மரணத்துக்கு அந்தச் செய்தியும் ஒரு தூண்டுதல். ஒரு வாகன விபத்து, மாறிப்போன முகம், ஒரு மரணம் என்று எல்லாமே நடந்தவைதான். நடந்தது வேறு வேறு ஆட்களுக்கு. ‘இறந்த’ அந்த நவம்பரில் மெக்கார்ட்னி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கதையைவிடச் சுவையானது. போலி மீசை ஒட்டி, ஆள் அடையாளம் தெரியாமல் பிரான்ஸில் காரோட்டிக்கொண்டிருந்தார். பிறகு கென்யா போய்த் திரும்பும் விமானத்தில், வேறொரு குழுவாக வேடம் போட்டுக்கொண்டு பாடலாம் என்ற ‘சார்ஜண்ட் பெப்பர்’ யோசனை அவருக்கு உதித்தது.

லெனனுக்கு இந்த அர்த்தம் தேடும் கூட்டத்தை முன்பே தெரியும். தான் படித்த பழைய பள்ளியில் தங்கள் பாடல்களுக்கு உரை சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வால்ரஸ் பற்றிய பாடலில் வேண்டுமென்றே பொருளற்ற வரிகளை அடுக்கியவர் அவர். 1968-இல் ‘கிளாஸ் ஆனியன்’ பாடலில் வால்ரஸ் பால்தான் என்று போகிற போக்கில் ஒரு பொறியும் வைத்தார். அடுத்த ஆண்டே கூட்டம் அதில் போய் விழுந்தது. தொலைக்காட்சியும் பின்தங்கவில்லை. புகழ்பெற்ற வழக்கறிஞர் எஃப். லீ பெய்லி நடத்திய பாவனை விசாரணைக்கு லபோர் சாட்சியாகப் போனார். எல்லாம் தன் கற்பனை என்று முன்கூட்டியே அவர் ஒப்புக்கொண்டும் நிகழ்ச்சி நிற்கவில்லை. நிரப்ப ஒரு மணி நேரம் இருந்தது. பிற்காலத்தில் அவர் ‘ரைடர்ஸ் இன் த ஸ்கை’ என்ற ‘கன்ட்ரி’ பாணி இசைக்குழுவில் இசைக்கலைஞர் ஆனார்.

கதையின் உச்சம் மெக்கார்ட்னியின் ஸ்காட்லாந்துப் பண்ணையில் நடக்கிறது. தேடி வந்த ‘லைஃப்’ பத்திரிகைக்காரர்கள் மேல் மெக்கார்ட்னி வாளித் தண்ணீரை எறிந்தார். அதையும் படம் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சமாதானமாகிக் குடும்பத்தோடு நின்று பேட்டி கொடுத்தார். 1969 நவம்பர் 7 இதழின் அட்டை, பால் இன்னும் நம்மோடு இருக்கிறார் என்று அறிவித்தது. அதே பேட்டியில் பீட்டில்ஸ் கதை முடிந்துவிட்டது என்றும் அவர் சொல்லியிருந்தார். குழுவை விட்டு விலகுவதாக லெனன் மற்றவர்களிடம் சொல்லி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பேட்டியில் வந்த அந்த வாக்கியத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. குழு உடைந்த செய்தி 1970 ஏப்ரல் 10 அன்றுதான் உலகைத் தாக்கியது. எண்பலகையையும் பூவின் நிறத்தையும் துருவியவர்கள் கண்ணெதிரே அச்சாகிக் கிடந்த ஒரே உண்மையான தடயம் பேட்டியின் அந்த வாக்கியம்தான்.

ஒதுக்க வேண்டியவையும் உண்டு. மெக்கார்ட்னியின் பழைய, புதிய படங்களில் மண்டையோட்டை அளந்து ஒப்பிடும் பிற்கால முயற்சிகள் சலிப்பூட்டுபவை, விளையாட்டை வழக்காக்கிவிடுகின்றன. மெக்கார்ட்னியே விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். 1993-இல் தன் கச்சேரிப் பதிவுக்கு ‘பால் இஸ் லைவ்’ என்று பெயரிட்டு, அதே சாலைக்கடவில் நாயோடு நடந்து, கார் எண்பலகையில் 51 வயது ‘ஆகிறது’ என்று எழுதி வைத்தார். கதை சொல்லும் மாற்று ஆள் இடது கையால் பாஸ் கிதார் வாசித்து, ‘பென்னி லேன்’, ‘பிளாக்பேர்ட்’, ‘ஹே ஜூட்’, ‘லெட் இட் பி’ எல்லாம் எழுதியவர் என்றால், அசல் ஆளைவிட அவரைத்தான் கொண்டாட வேண்டும். புதிதாக இந்தப் புதிருக்குள் நுழைகிறவர்கள் ‘ஆபி ரோடு’ தட்டின் இரண்டாம் பக்கத்தை முதலில் எந்தத் தடயமும் தேடாமல் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட வேண்டும். தடயங்கள் பிறகு வரட்டும்.