இருவழிக் கதவு யாருக்கு?

அமேசான் நேர்காணலுக்குத் தயாராகும் இளைஞரைச் சென்னையில் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் தேநீர்க் கடைகளில் நின்றால் போதும். கோடிங் கணக்குகளோடு அவர்கள் கையில் இன்னொரு பட்டியலும் இருக்கும்: அந்த நிறுவனத்தின் 16 தலைமைக் கொள்கைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த வேலை அனுபவத்திலிருந்து ஒன்றிரண்டு கதைகள். மேலதிகாரியை மறுத்துப் பேசியது எப்போது? முழு விவரம் வருமுன் முடிவெடுத்தது எப்போது? சூழல், பொறுப்பு, செய்தது, கிடைத்தது என்று நான்கு கட்டமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார்கள்.

பெரும்பாலான நிறுவனங்களில் கொள்கைகள் வரவேற்பறைச் சுவரோடு நின்றுவிடும். அமேசானில் அவை ஆள் எடுப்பதிலும், பணி மதிப்பீட்டிலும், சாதாரண மீட்டிங்கிலும் புழங்குகின்றன. ‘ஓனர்ஷிப்’, ‘பயஸ் ஃபார் ஆக்‌ஷன்’ (தாமதிக்காமல் செயல்படு), ‘டைவ் டீப்’ (ஆழ்ந்து பார்) என்ற சொற்கள் அங்கே பேச்சு வழக்காகவே ஆகிவிட்டன. நிறுவனத்தின் தலைமைக் கொள்கைகளைக் கடைநிலை ஊழியரின் அன்றாட முடிவுவரை இறக்கலாமா, இறக்கினால் என்ன ஆகும் என்று நிறுத்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

கையில் கிடைத்த கருவி

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் முடிவுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சில முடிவுகள் ஒருவழிக் கதவு போன்றவை. நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. அவற்றை நிதானமாக, பலரைக் கலந்து எடுக்க வேண்டும். மற்றவை இருவழிக் கதவுகள். சரிப்படவில்லை என்றால் வந்த வழியே வெளியே வந்துவிடலாம். அவற்றை ஒரு சிறு குழுவோ தனி ஆளோ சட்டென்று எடுத்துவிடலாம். நிறுவனம் வளர வளர எல்லாக் கதவையும் ஒருவழிக் கதவாகவே நினைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது என்பது அவர் கவலை. அடுத்த ஆண்டுக் கடிதத்தில், வேண்டிய தகவலில் சுமார் 70 சதவீதம் கிடைத்ததுமே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிட வேண்டும், 90 சதவீதத்துக்குக் காத்திருந்தால் அநேகமாகத் தாமதமாகிவிடும் என்றும் எழுதினார்.

இந்தப் பிரிவினையின் அருமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். இணையதளத்தில் ஒரு பொத்தானின் வாசகத்தை மாற்ற மூன்று மீட்டிங். வாடிக்கையாளர் விவரமெல்லாம் இருக்கும் தரவுத்தளத்தை இடம் மாற்றுவது பற்றி மின்னஞ்சலில் ஒற்றை வரி ஒப்புதல். முன்னதை நாளைக்கே திரும்ப மாற்றலாம். பின்னது பிசகினால் மீட்பது கடினம். ‘இது எந்தக் கதவு?’ என்ற ஒரு கேள்வி இந்தத் தலைகீழ்ப் பழக்கத்தை நிமிர்த்திவிடும். இளநிலை ஊழியர்கூட அதைக் கேட்கலாம், மேலாளரைப் புண்படுத்தாமல் கேட்கலாம். கொள்கை ஒரு பொதுச்சொல்லைத் தருகிறது. பொதுச்சொல் இருந்தால் சண்டை ஆளை விட்டு விஷயத்துக்கு நகர்கிறது.

அமேசானின் கெட்டிக்காரத்தனம் கொள்கையைச் சொன்னதோடு நிற்காமல் அதற்கு ஏற்பாடும் செய்ததில் இருக்கிறது. 2004-இல் மூத்த நிர்வாகிகளின் மீட்டிங்கில் பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் நிறுத்தப்பட்டன. ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் குறிப்பு எழுதி வர வேண்டும். எல்லோரும் முதலில் அதை மௌனமாகப் படித்த பிறகே பேச்சு. ‘ஆழ்ந்து பார்’ என்ற கொள்கைக்கு இது ஒரு கடிவாளம். புள்ளி புள்ளியாகப் போட்ட ஸ்லைடில் ஒளிந்துகொள்ளும் அரைகுறை யோசனை முழு வாக்கியத்தில் அகப்பட்டுக்கொள்ளும்.

இன்னொரு ஏற்பாடு டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே பழுதைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். ஆண்டன் கயிறு என்பார்கள். அமேசான் அதை வாடிக்கையாளர் சேவைக்குக் கொண்டுவந்தது. ஒரு பொருள் பழுதாகித் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கும் சேவை ஊழியர், காரணம் சரியாகும்வரை அதை விற்பனையிலிருந்து இறக்கிவிடலாம். ‘வாடிக்கையாளரே முதல்’ என்ற வாசகம் கடைசிப் படியில் இருப்பவரின் கையில் அதிகாரமாகவே வந்து சேர்ந்த இடம் இது. பட்டியல் முழுவதிலும் மெச்சத்தக்கது எது என்றால் நான் இந்தக் கயிற்றைத்தான் சொல்வேன்.

மண்குடமும் பொன்குடமும்

இனிக் குறைகள். கொள்கைகளைப் படித்த எவருக்கும் முதலில் தட்டுப்படுவது அவற்றின் முரண். ஒன்று ‘தாமதிக்காமல் செயல்படு’ என்கிறது. இன்னொன்று ‘அடிவரை ஆராய்ந்து பார்’ என்கிறது. ஒன்று சிக்கனம் பேசுகிறது. மற்றொன்று தரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதே என்கிறது. இதை நான் குறையாக எண்ணவில்லை. நம் பழமொழிகளும் இப்படித்தான். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று அவசரப்படுத்தும் அதே வாய் ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நிதானப்படுத்தும். எந்த நேரத்துக்கு எது என்று தெரிவதுதான் விவேகம்.

ஆனால் எந்த நேரத்துக்கு எது என்று தீர்மானிப்பவர் யார்? சிக்கல் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை புதிய மென்பொருளை வெளியிட மேலாளர் அவசரப்பட்டால் அது ‘பயஸ் ஃபார் ஆக்‌ஷன்’. அதே அவசரத்தை ஊழியர் காட்டி, அது பழுதானால் ‘டைவ் டீப்’ செய்யவில்லை என்று அவருடைய மதிப்பீட்டில் ஏறும். பட்டியலில் 16 வாசகங்கள் இருக்கும்போது எந்த முடிவையும் புகழவும் இகழவும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது அலுவலகத்துக்கும் பொருந்தும் கணக்கு.

நடந்து முடிந்தவற்றை விளக்கவும் இந்தக் கொள்கைகள் அதிகம் உதவுவதில்லை. ‘பெரிதாக நினை’, ‘வாடிக்கையாளரை நினை’ என்ற அதே சிந்தனைதான் 2005-இல் பிரைம் சந்தாவைத் தந்தது. 2014-இல் ஃபயர் போன் என்ற கைபேசியையும் தந்தது. முன்னது வணிகத்தின் முதுகெலும்பானது. பின்னது அந்த ஆண்டிலேயே 17 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுத வைத்தது. வெற்றி பெற்றதும் கொள்கையைக் கைகாட்டுவது எளிது. தோற்றபோதும் அதே கொள்கை அங்கே இருந்ததை மறந்துவிடுகிறோம். நேர்காணலுக்கு நான்கு கட்டத்தில் அடுக்கிய கதைகளும் அப்படிப்பட்டவையே. முடிவு முதலில் நடந்தது. கொள்கை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மறுத்துப் பேசு, பிறகு ஒத்துழை

அதிகம் நகலெடுக்கப்பட்டதும் அதிகம் திரிந்ததும் ஒரே கொள்கைதான்: முதுகெலும்போடு மறுத்துப் பேசு, முடிவான பிறகு மனம் ஒப்பி ஒத்துழை. 2016-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் பெசோஸ் இதற்குச் சொன்ன உதாரணம் கவனிக்கத் தக்கது. அமேசான் ஸ்டூடியோஸ் குழு ஒரு தொடரை எடுக்க விரும்பியது. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழுவோ வேறு கருத்தில் உறுதியாக இருந்தது. தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ஒத்துழைக்கிறேன் என்று அவர் உடனே எழுதிவிட்டார். விட்டுக்கொடுத்தவர் முதலாளி.

நம் அலுவலகங்களில் இந்த வாசகம் எந்தத் திசையில் பாய்கிறது? நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்தக் கொள்கைகளை அப்படியே இறக்குமதி செய்து, சுவரில் மாட்டி, ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன் பிறகு நான் உட்கார்ந்த மீட்டிங்குகளில் ‘டிஸ்அக்ரீ அண்ட் கமிட்’ (மறுத்துப் பேசு, பிறகு ஒத்துழை) என்ற சொல் ஒருமுறைகூடக் கீழிருந்து மேலே போகவில்லை. யாராவது இரண்டாம் முறை ஆட்சேபித்தால் மேலாளர் அதைச் சொல்லுவார், பேச்சு முடிந்துவிடும். மறுக்கும் உரிமையைத் தந்த வாசகம் மறுப்பை மூடும் மூடியாகிவிட்டது. பெசோஸின் உதாரணத்தை அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

கதவு உவமைக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. இருவழிக் கதவு என்று சொல்லும்போது யாருக்கு என்று கேட்பதில்லை. வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அமேசானின் தலைமை நிர்வாகி ஆண்டி ஜாஸி அறிவித்தார். 2025 ஜனவரியிலிருந்து நடைமுறை. நிறுவனத்துக்கு இது இருவழிக் கதவு. பலன் இல்லையென்றால் இன்னொரு அறிவிப்பில் மாற்றிவிடலாம். வீட்டிலிருந்தே வேலை என்று நம்பிச் சொந்த ஊருக்குக் குடிபெயர்ந்து, பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்தவருக்கு? அவருக்கு அது ஒருவழிக் கதவு. ஷிஃப்ட் மாற்றம், இட மாற்றம், குழுக் கலைப்பு என்று ‘சின்ன முடிவு’ எனப்படும் பலவற்றுக்கு இப்படி இரண்டு முகம் உண்டு. எடுப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து வகைப்படுத்தினால் அந்தக் கருவி பாதிதான் வேலை செய்யும்.

கயிறு இல்லாத கொள்கை

2021 ஜூலையில், பெசோஸ் தலைமை நிர்வாகி பதவியிலிருந்து விலகுவதற்குச் சில நாள் முன்பு, 14 கொள்கைகளோடு இரண்டு சேர்ந்தன. ஒன்று, உலகின் மிகச் சிறந்த வேலை தருநராக முயல்வது. மற்றது, வெற்றியும் அளவும் கூடும்போது பொறுப்பும் கூடும் என்பது. அந்த ஆண்டு மார்ச்சில்தான், ஊழியர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற குற்றச்சாட்டை நிறுவனம் ட்விட்டரில் எள்ளலோடு மறுத்து, சில நாளில் ஓட்டுநர்களுக்கு அந்த நிலை இருப்பதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தது.

இவை சேர்ந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், ஹரியானாவின் மானேசரிலுள்ள அமேசான் கிடங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. லாரிகளிலிருந்து சரக்கு இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாம். வட இந்தியா வெயிலில் வெந்துகொண்டிருந்த சமயம். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விளக்கம் கேட்டது. அது தனிப்பட்ட ஒரு சம்பவம் என்றது நிறுவனம்.

அப்படியே இருக்கட்டும். உறுதிமொழி வாங்கிய மேற்பார்வையாளரின் இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கலாம். ‘பலனைக் காட்டு’ என்ற கொள்கைக்கு அவரிடம் மணிக்கணக்கான இலக்கு இருந்தது. ‘சிறந்த வேலை தருநர்’ என்ற கொள்கைக்கு அவரிடம் என்ன இருந்தது? பழுதான பொருளை நிறுத்திவைக்கச் சேவை ஊழியருக்குக் கயிறு கொடுத்த நிறுவனம், தாங்க முடியாத வேலையை நிறுத்திவைக்கக் கிடங்குத் தொழிலாளிக்கும் ஒரு கயிறு கொடுத்திருந்தால் அந்த உறுதிமொழியை வாங்கவே முடியாது. எண் உள்ள கொள்கையும் எண் இல்லாத கொள்கையும் மோதும் இடத்தில் எண்தான் ஜெயிக்கும்.

ஆக, தலைமைக் கொள்கைகளை அன்றாட முடிவுகளுக்குக் கொண்டுவருவது நல்ல பழக்கமே. முடிவெடுப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக அவை இருக்கும்வரை பயன் தருகின்றன. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அளக்கும் கோலாக மட்டும் மாறும்போது கெடுகின்றன. உங்கள் அலுவலகச் சுவரிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கினால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடந்த ஓராண்டில் அதிலுள்ள ஒரு வாசகத்தைச் சொல்லி ஓர் இளநிலை ஊழியர் தன் மேலாளரின் முடிவை மாற்றியிருக்கிறாரா? ஒரு சம்பவமாவது நினைவுக்கு வந்தால் அந்தப் பட்டியல் இருக்கட்டும். வரவில்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டச் சொல்லுங்கள்.