கூத்தும் கூறியது கூறலும்

கூறியது கூறல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்று என்பது தொல்காப்பியர்க்கும் நன்னூலார்க்கும் உடன்பாடு. வடதமிழகத்துத் தெருக்கூத்தின்மேல் இக்குற்றத்தை ஏற்றிக் கூறுவாரும் உளர். பாட்டில் வந்த பொருளே வசனத்திலும் வருகின்றது. வசனத்தில் வந்ததைக் கட்டியக்காரன் மீண்டும் வினவுகின்றான். இதனால் கதை நகர்வதில்லை என்பது அவர்தம் வாதம். நூலுக்கு வகுத்த இலக்கணம் கூத்துக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நூலைப் பயில்வோன் விளங்காத இடத்தில் ஏட்டைத் திருப்பிப் பார்த்தல் கூடும். கூத்துக் காண்போனுக்கு அது கூடாது. மேலும், கூத்தின் அவை ஒருதன்மைத்தன்று. துரியோதனன் வருகையை நோக்குவோம். இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து அவன் தன்னைப் பாட்டால் அறிவிக்கின்றான். திரை விலகியதும் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் முகத்துச் செவ்வண்ணமும் அவனை மீண்டும் அறிவிக்கின்றன. பின்னர்க் கட்டியக்காரன் யாரென வினவ, வசனத்தால் விடை கூறுகின்றான். ஒருவனை மும்முறை அறிவித்தல் வீண் என்று தோன்றும். ஆயின், கண்ணிலார்க்குப் பாட்டும், செவிப்புலன் இழந்தார்க்கு ஒப்பனையும், பாட்டின் சொல் விளங்காத எளியார்க்கு வசனமும், சிறார்க்குக் கட்டியக்காரன் நகைச்சுவையும் வாயில்களாகின்றன. எனவே இது கூறியது கூறல் அன்று. ஒரு பொருளைப் பலர்க்கும் உரிய பல வழிகளில் சேர்ப்பித்தல் ஆகும்.

கூத்துக் களத்தின் அமைப்பும் இதற்கு இயைந்ததே. ஊரார் பொருள் திரட்டிக் கூத்தரை அழைத்தலின் காண்போர்க்குக் கட்டணம் இல்லை. ஏறப் படிகளும் இல்லை. அடைக்கக் கதவும் இல்லை. குழந்தை அழுதாலும், ஒருவர் இடையில் எழுந்து உலவினாலும், பாயில் சற்றே கண்ணயர்ந்தாலும் குற்றமாகக் கொள்வாரில்லை. இடையில் விட்ட கதையை மீளவும் பற்றிக்கொள்ளக் கூறியது கூறலே உதவுகின்றது.

இதனால் பழைய களம் குறையற்றது என்பது கருத்தன்று. சாதியால் இருக்கை பிரிந்த ஊர்கள் இருந்தன. விடியுமளவும் தரையில் அமர்தல் முதியோர்க்கும் காலூனமுற்றோர்க்கும் துன்பமே. பெண்கள் நெடுங்காலம் காண்போராகவே நின்றனர். இக்குறை திருந்தக்கூடியது என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த கட்டைக்கூத்துச் சங்கம் சான்றாகும். 1990இல் தோன்றிய அச்சங்கத்தின் குருகுலம், 2002 முதல் 2020 வரை, எளிய குடும்பத்துச் சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் பயிற்றியது.

இனி, நகரத்து அரங்கை நோக்குவோம். சிலப்பதிகார அரங்கேற்று காதை, அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறுவதோடு, தூணின் நிழல் விழாதவாறு விளக்கு வைத்ததையும் கூறுகின்றது. காண்போர் கண்ணை மறைக்கும் நிழலையும் நீக்க எண்ணியவர் நம் முன்னோர். இன்றைய அரங்கில் அத்தகைய நிழல்கள் பல உள்ளன. சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் இடைப்பட்ட ஊரப்பாக்கத்தில், சக்கர நாற்காலியில் இயங்கும் மகவையுடைய கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்க. சென்னைச் சபா ஒன்றில் நாடகம் காண விழையின், நால்வர்க்கு நுழைவுச் சீட்டு, ஒரு நாட்கூலி இழப்பு, புகைவண்டியில் நாற்காலியை ஏற்றும் இடர், அரங்கின் படிகள், இரவில் திரும்பும் கவலை ஆகிய இத்துணையும் கடந்த பின்னரே திரை உயரும். மாற்றுத்திறனாளிகள் பிறரோடு ஒப்பப் பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வலியுறுத்துகின்றது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிகழ்வது விளங்கச் செய்தல் கலைஞர் கடன்.

செறிவு வேண்டிக் கூறியது கூறலை நீக்கிய நவீன நாடகம், அதனால் இழந்த அவையினரையும் எண்ணுதல் வேண்டும். செறிவு குற்றமன்று. ஆயின் நீக்கிய வாயில்களுக்கு ஈடாகச் சைகைமொழிப் பெயர்ப்பும், காட்சியைச் செவிவழி விளக்கும் உரையும், சாய்தளமும், குறைந்த கட்டணமும் அமைத்தல் கடமையாகும். நாடகத் திறனாய்வாளர் கதைக்கோப்பையும் நடிப்பையும் ஆராய்வதோடு, அவையில் இருந்தார் யாவர், இருக்க இயலாதார் யாவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சி கூத்திலிருந்து தொடங்குதல் தகும்.